ஆற்றல் செறிவா, ஆற்றல் செலவா? அரிசி ஆலைக் கையேட்டுக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். உணவு பதப்படுத்தும் தொழிலின் வளர்ச்சி, அதன் ஆற்றல் பயன்பாடு ஆகியவை பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் புழுங்கலரிசி ஆலைகளின் மேற்பார்வையாளர்களும் பாய்லர் பார்ப்பவர்களும் ஆவர். ‘எனர்ஜி இன்டென்சிட்டி’, அதாவது ஓர் அளவு உற்பத்திக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதைக் குறிக்கும் சொல், ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும் வருகிறது. அதற்கு ‘ஆற்றல் செறிவு’ என்று எழுதி, முதல் பாடத்தை ஓர் ஆலையிலேயே படித்துக் காட்டினேன். அப்போது அங்கே ரேஷன் கடைகளுக்கான அரிசியில், நூறு பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் செறிவூட்டிய அரிசிமணிகளைக் கலந்துகொண்டிருந்தார்கள். ‘ஆற்றல் செறிவைக் குறைப்பதே நம் நோக்கம்’ என்று நான் படித்ததும் மேற்பார்வையாளர் நிறுத்தச் சொல்லி, “சத்தைக் கூட்டத்தானே இந்த இயந்திரத்தை வைத்திருக்கிறோம், நீங்கள் குறைக்கச் சொல்கிறீர்களே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. உணவுத் தொழிலில் ‘செறிவு’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் நிலைபெற்றுவிட்டது. மாற்றுச்சொல் வேண்டும், உதவுங்கள்.

பொருளியல் ஆசிரியர், மதுரை:

ஐயா, ஒரு கேள்விக்காக நிலைபெற்ற சொல்லைக் கைவிட வேண்டாம். மூலதனச் செறிவு, உழைப்புச் செறிவு என்று பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறோம். இயற்பியலில் ஒளிச்செறிவு இருக்கிறது, மின்புலச் செறிவு இருக்கிறது. ஆற்றலுக்கு மட்டும் வேறு சொல் வைத்தால், இவையெல்லாம் ஒரே கருத்தின் கிளைகள் என்பது மாணவனுக்குத் தெரியாமல் போகும். ‘ஆற்றல்செறி தொழில்கள்’ என்று அடைமொழியாக்கவும் அது இடம் கொடுக்கிறது. சொல் புரியவில்லை என்றால் விளக்க வேண்டும். புரியாத ஒவ்வோர் இடத்திலும் சொல்லை மாற்றிக்கொண்டே போனால் கலைச்சொல் என்ற ஒன்றே நமக்கு மிஞ்சாது.

தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்:

‘செறிவு’ நல்ல சொல், ஆனால் இந்த இடத்துக்கு உரியதன்று என்பதே என் கருத்தும். தண்டியலங்காரம் பத்துக் குணங்களைச் சொல்லும்போது செறிவைத்தான் முதலில் வைக்கிறது. அங்கே அது நெகிழாத சொற்கட்டு. குறளின் அடக்கமுடைமை அதிகாரத்திலோ ‘செறிவறிந்து சீர்மை பயக்கும்’ என்ற இடத்தில் செறிவு என்பதற்கு அடக்கம் என்றே பொருள். அப்படிப் பார்த்தால் ‘ஆற்றல் செறிவு’ என்பது ஆற்றலை அடக்கிக் கையாளுதலாகும். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். இரண்டு இடங்களிலும் அது சிறப்பைக் குறிக்கிறது. மிகுந்தால் கேடு என்று சொல்ல வேண்டிய ஓர் அளவுக்குச் சிறப்பின் பெயரை இட்டால், படிப்பவர் மனம் அதை ஏற்கத் தயங்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செறுத்தல் என்றால் அடைத்தல். வரப்பால் நீரை அடைத்து நிறுத்திய வயலுக்குச் ‘செறு’ என்று பெயர் வந்தது அதனால்தான் என்று கொள்கிறேன். செறுவில் விளைந்த நெல் ஆலைக்கு வரும்போது செறிவும் உடன் வருவது எனக்கு மகிழ்ச்சியே என்றாலும், அச்சகத்துக்கு அது உதவாது.

ஆற்றல் தணிக்கைப் பொறியாளர், ஈரோடு:

சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். நூலில் இரண்டு அளவுகள் இருக்கும். ஒரு டன் அரிசிக்கு எவ்வளவு ஆற்றல் என்பது ஒன்று. ஒரு ரூபாய் மதிப்புக்கூட்டலுக்கு எவ்வளவு ஆற்றல் என்பது மற்றொன்று. பொருளியலார் ‘இன்டென்சிட்டி’ என்பது பெரும்பாலும் இரண்டாவதை. நாங்கள் ஆலையில் அளப்பது முதலாவதை. அரிசி விலை ஏறினால் இரண்டாவது அளவு தானாகவே இறங்கிவிடும், ஒரு கூடை உமிகூட மிச்சமாகியிராது. ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் பாய்லர் பார்ப்பவர் தாம் ஏதோ சாதித்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்.

வளர்ச்சி பற்றிய பாடத்துக்கும் இந்தப் பிரிவு தேவை. எடுத்துக்காட்டாக, டன்னுக்கு 100 யூனிட் செலவிட்டு ஆண்டுக்கு 1,000 டன் அரைத்த ஆலை, இயந்திரங்களை மாற்றி, டன்னுக்கு 80 யூனிட் என்று குறைத்து, 2,000 டன் அரைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு 1,00,000 யூனிட்டிலிருந்து 1,60,000 ஆகிறது. ஆலை முன்னேறியிருக்கிறது, நாட்டின் ஆற்றல் தேவையும் ஏறியிருக்கிறது, இரண்டும் உண்மை. படிப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும்.

நெல்லையே எடுத்துக்கொள்வோம். ஊறி அவிந்த நெல்லில் 35 விழுக்காடு ஈரம் இருந்தால், அதை 14 விழுக்காட்டுக்குக் கொண்டுவர, உலர்ந்த நெல் ஒரு டன்னுக்குச் சுமார் 320 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீருக்கு 540 கிலோகலோரி என்ற கணக்கில், இழப்பு எதையும் சேர்க்காமலே, இது 200 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பம். முன்பு இந்த வேலையைச் செய்தது களத்து வெயில். விடியற்காலையில் ஆவி பறக்க நெல்லைக் கொட்டி, பெண்கள் காலால் கிண்டிக் கிண்டிக் காயவைத்ததற்கு எந்த ஏட்டிலும் ஆற்றல் கணக்கு கிடையாது. டிரையர் வந்த நாளிலிருந்துதான் அந்த வெப்பம் கணக்குக்குள் வருகிறது. ஆகவே நம்மைப் போன்ற நாடுகளில் இந்தத் தொழிலின் ஆற்றல் பயன்பாடு ஏறுவதாக அட்டவணை காட்டும்போது, அந்த ஏற்றத்தில் ஒரு பகுதி வெயிலின் வேலையைப் பாய்லர் ஏற்றுக்கொண்டதால் வந்தது. அதை வீணடிப்பு என்று எழுதிவிடக் கூடாது.

பொருளியல் ஆசிரியர், மதுரை:

இரண்டு அளவுகள் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் டன் கணக்கிலானதற்கு வேறு சொல் வையுங்கள். ரூபாய்க் கணக்குக்குச் செறிவு இருக்கட்டும்.

கல்லூரி விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

ஒரு எச்சரிக்கை மட்டும். இங்கே நாங்கள் ‘சக்தி’ என்பதைத்தான் நீங்கள் ‘ஆற்றல்’ என்கிறீர்கள்; அதில் இடரில்லை, புரியும். ஆனால் தயவுசெய்து ‘திறன்’ என்ற சொல்லை இதற்குள் கொண்டுவர வேண்டாம். உங்கள் பாடநூல்களில் திறன் என்பது ஒரு வினாடியில் செய்யப்படும் வேலை. அதை நாங்கள் ‘வலு’ என்போம். எங்களுக்குத் திறன் என்றால் கொடுத்ததில் எத்தனை பங்கு பயனாயிற்று என்பது. ஒரே சொல்லை இரு கரையிலும் இரு பொருளில் படித்தால் வாய்பாடே பிழைத்துவிடும்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

நன்றி. ஒரு கிலோ பொருளை ஒரு பாகை சூடேற்றத் தேவையான வெப்பத்தைத் தன்வெப்பம் என்கிறோமே, அதைப் பின்பற்றி, டன் கணக்கிலானதற்குத் ‘தன் ஆற்றல் நுகர்வு’ என்று வைக்கலாமா?

பொறியாளர், ஈரோடு:

வேண்டாம் ஐயா. ஆலையில் நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமியாக வருகிறது. பாய்லருக்குப் போவது அதுதான். ‘தன் ஆற்றல்’ என்றால் ஆலையின் சொந்த உமியிலிருந்து வரும் ஆற்றல், வெளியில் வாங்கும் மின்சாரம் அதில் சேராது என்றே எல்லாரும் படிப்பார்கள். சொந்த உமியைச் செலவாகவே எழுதாத பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லும் அதற்குத் துணைபோகக் கூடாது.

தமிழாசிரியர், கும்பகோணம்:

‘நுகர்வு’ என்பதையும் நான் மறுக்கிறேன். நுகர்தல் என்பது புலன்களால் துய்த்தல். பாய்லர் எதையும் துய்ப்பதில்லை. ‘செலவு’ என்று சொல்லுங்கள். அது செல்லுதலிலிருந்து பிறந்தது. தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் ‘செலவழுங்கல்’ என்றது அகத்துறை. ஆற்றல் அழிவதில்லை, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்கிறது என்பதுதானே உங்கள் முதல் விதி? அப்படியானால் செலவு என்பதே அறிவியலுக்கும் ஒத்த சொல். ஆற்றல் சேமிப்பைச் ‘செலவழுங்கல்’ என்று சொல்லும் நாளும் வர வேண்டும் என்பது என் ஆசை.

டன்னுக்கு இவ்வளவு என்பதற்கு எங்கள் பகுதியில் ‘மேனி’ என்ற சொல் இருக்கிறது. “ஆளுக்குப் பத்து ரூபாய் மேனிக்குக் கொடு” என்பார்கள். அறுவடையில் ‘நல்ல மேனி கண்டது’ என்பார்கள். ‘ஆற்றல் மேனி’ என்று வையுங்கள். இரண்டே சொல், முழுவதும் தமிழ், உழவர் வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

பொறியாளர், ஈரோடு:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது, ஆனால் வயலில் மேனி கூடினால் மகிழ்ச்சி. இங்கே கூடினால் இழப்பு. செறிவுக்கு நீங்கள் சொன்ன அதே தடை இதற்கும் பொருந்தும். ஆலையில் இன்றைக்கும் கேட்பது “டன்னுக்கு எத்தனை யூனிட்?” என்ற கேள்விதான். அதை ஒட்டி ‘டன் வீத ஆற்றல் செலவு’ என்றும், பண அளவுக்கு ‘மதிப்பு வீத ஆற்றல் செலவு’ என்றும் வைக்கலாம். நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை. ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ் 2012-இல் தொடங்கிய ‘பேட்’ என்ற ஆற்றல் சிக்கனத் திட்டத்தின் முதற்சுற்றில் சிமென்ட், உரம், காகிதம், துணி முதலிய 8 தொழில்களுக்கு இப்படி உற்பத்தி அளவுக்கு இவ்வளவு என்றே இலக்கு வைத்தார்கள். உணவு பதப்படுத்தல் அந்த எட்டில் இல்லை. அரிசி ஆலைக்காரர்கள் இந்தக் கணக்கை முதன்முதலாகப் படிப்பது உங்கள் கையேட்டில்தான் இருக்கும்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்:

வீதம் எங்களுக்கும் பழகிய சொல். ஆதரிக்கிறேன்.

தமிழாசிரியர், கும்பகோணம்:

‘டன்’ தமிழன்று. ‘வீதம்’ தனித்தமிழ் என்பதையும் நான் ஒப்பவில்லை. மேனி கூடினால் நல்லது என்பது விளைச்சலில் மட்டுமே. கூலி கொடுப்பவனுக்கு மேனி குறைவதுதான் நல்லது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை அதே ஆலைக்குப் போய், ‘டன் வீத ஆற்றல் செலவு’ என்று மாற்றிய பாடத்தைப் படித்தேன். மேற்பார்வையாளர் இடையில் நிறுத்தவில்லை, முடிந்ததும், “புழுங்கலுக்கும் பச்சரிசிக்கும் சேர்த்தா, தனித்தனியாகவா?” என்று கேட்டார். பச்சரிசிக்கு ஊறலும் அவியலும் இல்லை, ஆகவே தனித்தனியாகவே கணக்கிட வேண்டும் என்று அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். பக்கங்களை அந்தச் சொல்லோடே அனுப்புகிறேன். சொல்லடைவில் ‘ஆற்றல் மேனி’ என்பதையும் அடுத்து அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.

பொருளியல் ஆசிரியர், மதுரை:

ஆலைக்கு அது பொருந்தலாம். என் வகுப்பில் மூலதனச் செறிவுக்கு அடுத்த வரியில் ஆற்றல் செறிவு என்றே எழுதுவேன். ‘ஆற்றல்செறி தொழில்’ என்ற அடைமொழிக்கு ஈடாக உங்கள் தொடரிலிருந்து ஒரு சொல்லை எவரும் இன்னும் தரவில்லை.