ஜன்னலை மாற்றினோம், பாய்லர் நின்றது

கிழக்கு லண்டனில் எங்கள் வீடு. வெந்நீருக்கும் வீட்டைச் சூடாக்கவும் அடுப்படியில் இருக்கும் கேஸ் பாய்லரின் புகைக்குழல் பின்சுவர் வழியாகத் தோட்டத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் திறக்க முடியாத கண்ணாடி. மீன் பொரித்தால் வாடை போவதில்லை என்று போன வருடம் அதைத் திறக்கிற ஜன்னலாக மாற்றினோம். வந்தவர்கள் அளவெடுத்தார்கள், மாட்டினார்கள், போனார்கள். குழலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

குளிர் தொடங்கியதும் காலையில் வெள்ளையாக ஆவி உள்ளே வந்தது. புகையைக் குளிரவைத்து அதிலுள்ள சூட்டையும் எடுத்துக்கொள்கிற கண்டென்சிங் பாய்லர், ஆவி வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆவியோடு எரிந்த வாயுவும் வருகிறது, எரிவது சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சேரும், அதற்கு நிறமும் கிடையாது மணமும் கிடையாது என்பதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

சர்வீசுக்கு வந்த தம்பி கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதற்கான கேஸ் சேஃப் அட்டையைக் காட்டினார். பாய்லர் மூடியைக் கழற்றும் முன்பே டேப்போடு வெளியே போய்விட்டார். குழலின் விளிம்பிலிருந்து ஜன்னல் திறப்புக்கு 180 மி.மீ.

"ஃபேன் வைத்த பாய்லருக்கு 300 வேண்டும் அக்கா. மேலே, கீழே, பக்கத்தில், எங்கே ஜன்னல் இருந்தாலும் அதுதான்."

எங்களிடம் கேட்டுவிட்டு பாய்லரை அணைத்து, எச்சரிக்கை லேபிள் ஒட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் கெட்டிலில் வெந்நீர் வைத்துக் குளித்தோம். அப்புறம் ப்ளூம் கிட் என்கிற நீட்டிப்புக் குழாயைப் போட்டுக் குழலின் வாயை ஜன்னலை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனார். ஜன்னல்காரர்களைக் கேட்டால், பாய்லர் தங்கள் வேலை இல்லையாம்!

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர் எழுதியது:
எங்களுக்குச் சிக்கல் ஜன்னலால் இல்லை அக்கா, பக்கத்து வீட்டால். அவர்கள் புது பாய்லர் போட்டார்கள், அதன் குழல் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் எங்கள் குழலுக்கு நேர் எதிரே. இரண்டு குழல் வாய்க்கும் நடுவே 1200 மி.மீ. இருக்க வேண்டும். எங்கள் சந்தே ஒரு மீட்டர்தான். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், சொன்னதும் மாற்றிவிட்டார்.

ஹாரோவிலிருந்து இன்னொரு வாசகர்:
இதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டிலும் டேப் பிடித்தேன். 420 மி.மீ., தப்பித்தோம். அப்படியே கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். அலாரத்தையே 2021-க்குள் மாற்றவேண்டும் என்று பின்னால் அச்சடித்திருக்கிறது. நான் இத்தனை வருடமும் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.