லிஸ்பனில், நான்காம் மாடி இடப்பக்கம்

ஐரோப்பாவில் மலிவு விடுதியில் தங்கியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது லிஸ்பன். போன பிப்ரவரியில் அம்மாவோடு மூன்று இரவு.

நான் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். அம்மா தூத்துக்குடியிலிருந்து இரண்டு மாதம் வந்திருந்தார். "வெயில் அடிக்கிற ஊரே இந்தக் கண்டத்துல கிடையாதா?" என்று அவர் கேட்ட அன்றைக்கு ராத்திரியே டிக்கெட் போட்டேன். லிஸ்பனில் மூன்று நாளும் மழை. அதை விடுங்கள்.

பெரிய விடுதிகள் நமக்குக் கட்டுப்படியாகாது. பைஷா என்கிற பழைய கடைவீதிப் பகுதியில், வயதான ஒரு பெண்மணி தன் வீட்டிலேயே நாலைந்து அறைகளை வாடகைக்கு விடுவதாகப் போட்டிருந்தது. இரவுக்கு 46 யூரோ. குளியலறை பொது. காலையில் ரொட்டியும் காபியும் உண்டு. விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் சிவப்புத் தடம் பிடித்து, அலமேடாவில் பச்சைத் தடம் மாறி, ரோசியுவில் இறங்கினோம். சதுக்கத்தின் தென்புறம் ஒரு வளைவு இருக்கிறது. அதற்குள் நுழைந்தால் ருவா தூஷ் ஸபதைருஷ். அந்தத் தெருவில்தான் வீடு.

முகவரியில் கட்டட எண்ணுக்கு அப்புறம் '4 எஸ்க்' என்று இருந்தது. நான் அதை ஏதோ அறை எண் என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் பார்த்தால் அழைப்பு மணிப் பொத்தான்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு ஆண் குரல் திட்டியது. அந்த ஊரில் ஒவ்வொரு மாடிக்கும் இடப்பக்கம் ஒரு வீடு, வலப்பக்கம் ஒரு வீடு. எஸ்கேர்து என்றால் இடம், திரெய்து என்றால் வலம். முகவரியில் அதன் சுருக்கத்தை மட்டும் போடுவார்கள். போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இரவு பதினோரு மணிக்கு வசவு வாங்க வேண்டாம்.

லிஃப்ட் கிடையாது. முன்பதிவுப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்திருக்கிறார்கள், நான்தான் பார்க்கவில்லை. முதல் அடுக்குக் கல் படி, அதற்கு மேலே எல்லாம் மரப்படி. நடுவில் தேய்ந்து குழிந்து கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டி வலி. இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவர், "நான் இங்கயே படுத்துக்கறேன், நீ மேல போ" என்றார். அந்த நேரத்தில் மேலேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கார அம்மாள் இறங்கி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு வார்த்தை பேசாமல் அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு திரும்ப ஏற ஆரம்பித்தார். ரோஷத்தில் அம்மாவும் எழுந்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மாளுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. நான் போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து நெட்வொர்க் வருமா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பெரிய தக்கைக் கட்டையில் கோத்த மூன்று சாவிகளை நீட்டி, "ஷாவ்" என்றார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "சாவி தர்றாங்கடா. வாங்கு."

சாவியை நீட்டினால் சாவி என்று யாருக்கும் தெரியும்தானே, அதிலென்ன என்று நினைத்தேன். அடுத்து அறையைக் காட்டினார். மழைத் தண்ணீர் உள்ளே வரும், கொக்கியைப் போடுங்கள் என்பதுபோல் கையால் சைகை காட்டி, "ஜனேலா" என்றார். அம்மா, "ஜன்னல்" என்றார். பையை வைக்க "மேஸா". அம்மா, "மேசை". கம்பளி உள்ளே இருக்கிறது என்று கதவைத் திறந்து "அர்மாரியு". அம்மா, "அலமாரி". அந்த அம்மாள் நின்றுவிட்டார். இவர் தன்னைக் கேலி செய்கிறாரோ என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து, சோதித்துப் பார்ப்பதுபோல மெல்ல, "துவாள்யா?" என்றார்.

"துவாலை!"

துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு உள்ளே போனவர் ஒரு கண்ணாடி டம்ளரோடு திரும்பி வந்தார். "கோப்பு?" "கோப்பை!" இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து என் செயலி திறந்தது. மூடி வைத்தேன்.

எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது, கெடுத்துக்கொண்டேன். குளியலறைக் கதவு திறக்கவில்லை. அந்த அம்மாள் நடையின் அந்தக் கோடியிலிருந்து "புஷ், புஷ்" என்று குரல் கொடுத்தார். அட, இந்த ஒரு வார்த்தை ஆங்கிலத்தில் தெரிந்திருக்கிறதே என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அவர் இன்னும் சத்தமாக "புஷ்!" என்றார். நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். கடைசியில் ஓடி வந்து என்னை விலக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறந்தார். போர்ச்சுகீசில் 'புஷ்' என்றால் இழு. கடைக் கதவுகளில்கூட எழுதியிருக்கும், ஏமாறாதீர்கள்.

உள்ளே வாளி இல்லை. அம்மாவுக்கு வாளி இல்லாமல் குளித்தால் குளித்த மாதிரி இருக்காது. தமிழ்ச் சொல் இங்கே கைகொடுக்கவில்லை. புனேயில் படித்த காலத்து ஞாபகத்தில் நான் "பால்ட்டி" என்றேன். "ஆ, பால்து!" என்று போய், தரை துடைக்கும் நீல வாளியை வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார்.

அறை எப்படி என்றால், சுத்தம். ஆனால் குளிர். லிஸ்பன் பழைய வீடுகளில் பெரும்பாலும் வெப்பமூட்டும் வசதி இருப்பதில்லை. உருட்டிக்கொண்டு போகிற எண்ணெய் ஹீட்டர் ஒன்று தந்தார். துவைத்த துணி மூன்று நாளும் காயவில்லை. எதிர்வீட்டு ஜன்னல்களில் கொடிக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மழையிலும் துணி தொங்கவிட்டிருந்ததை அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தமும் உண்டு. 1755 நவம்பர் 1 காலை, அனைத்துப் புனிதர் திருநாளன்று, ஊரே கோயிலில் இருந்த நேரத்தில் வந்த பூகம்பத்திலும், பின்னால் வந்த கடலிலும் தீயிலும் இந்தப் பகுதி அழிந்துபோனது. அப்புறம் மார்க்கேஷ் த பொம்பால் என்ற மந்திரி காலத்தில் நேர்க்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். அடுத்த பூகம்பத்துக்குத் தாங்க வேண்டும் என்று சுவருக்குள் குறுக்குச் சட்டங்கள் வைத்த மரக்கூண்டு இருக்கிறது. கல் விழுந்தாலும் கூண்டு அசைந்து கொடுத்து நிற்குமாம். அம்மாவிடம் இதையெல்லாம் பெருமையாக விளக்கினேன். "அதான் பக்கத்து ரூம்காரன் தும்முறது இங்க கேக்குது" என்றார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை விளங்கவில்லை. முதல் நாள் இரவு படுக்கப்போகும் முன் அந்த அம்மாள் அம்மாவின் காலைக் காட்டி, முகத்தைச் சுளித்து, வெளியே தெருவைக் காட்டி, "சபாத்து, சபாத்து" என்று ஏதோ சொன்னார். ஜன்னல், மேசை எல்லாம் ஜெயித்த உற்சாகத்தில் அம்மா இதற்கும் தலையாட்டிவிட்டார். மறுநாள் காலை எங்கள் அறை வாசலில் கறுப்பு நிறத்தில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. பக்கத்து அறைக்காரர் மறந்து வைத்துவிட்டார் போல என்று அம்மா அதை எடுத்து அவர் வாசலில் ஒழுங்காக வைத்தார். அன்றைக்கு மத்தியானம் ரோசியு பக்கம், மழையில் நனைந்த கல் நடைபாதையில், ரப்பர் செருப்போடு வழுக்கி விழுந்தார். சின்னச் சின்ன வெள்ளைக் கல்லாகப் பதித்து, காலகாலமாக நடந்து வழவழத்துப்போன தரை அது. நல்லவேளை, முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் களிம்பு வாங்கினோம்.

கணக்கு: அறை வாடகை தவிர, நகர வரி ஒரு ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ. இரண்டு பேருக்கு மூன்று இரவுக்கு 24 யூரோ ரொக்கமாக வாங்கி ரசீது கொடுத்தார். பாஸ்போர்ட் விவரத்தையும் எழுதிக்கொண்டார், அது அங்கே சட்டம்.

சென்னையிலிருந்து ஒரு மறுமொழி:

உங்களுக்கு நல்ல வீடு அமைந்திருக்கிறது. எனக்கும் லிஸ்பன்தான், அல்ஃபாமா பக்கம். படத்தில் பெரிய ஜன்னல் இருந்தது. நேரில் போய்த் திறந்தால் ஒரு முழ தூரத்தில் எதிர்ச் சுவர். காற்றுக்கென்று கட்டடத்துக்கு நடுவில் விட்ட கிணறு மாதிரி ஒரு சந்து, கீழேயிருந்து மீன் வறுக்கிற வாடை. போதாக்குறைக்கு நான் போய் இறங்கியது ஜூன் 12. அந்தோணியார் திருவிழாவுக்கு முதல் நாள் இரவு என்பது தெரியாமல் போய்விட்டேன். தெருவெல்லாம் மத்தி மீன் சுடுகிற புகை, விடிய விடியப் பாட்டு. திருவிழா பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. தூங்கப் போகிறவர்கள் தயவுசெய்து வேறு தேதி பாருங்கள்.

அறையை மாற்றச் சொன்னால், வேறு அறை இல்லை, பணமும் திரும்பக் கிடையாது என்றார் உரிமையாளர். அப்போது வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்தேன். போர்ச்சுகலில் வாடிக்கையாளர் கேட்டால் புகார்ப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும், 2005-லேயே வந்த சட்டம். அதில் எழுதுவது கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்குப் போகும். "லிவ்ரு த ரெக்லமசோய்ங்ஷ்" என்று எழுத்துக்கூட்டிக் கேட்டேன். இல்லாத அறை பத்து நிமிடத்தில் உண்டாகிவிட்டது. அதில் ஜன்னல் தெருப்பக்கம், சத்தம் இரண்டு மடங்கு.

சூரிச்சிலிருந்து:

தம்பி, நீங்கள் விளங்கவில்லை என்று எழுதிய சொல்லை வாசித்துவிட்டுச் சத்தமாய்ச் சிரித்துப்போட்டேன். எந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்குமே. சப்பாத்து! நாங்கள் ஷூவுக்கு அப்படித்தான் சொல்லுறது. நீங்கள் தங்கின தெருவின்ரை பேரே சப்பாத்துத் தைக்கிறவர்களின் தெரு என்றுதான். அந்தப் பகுதியில் பொன், வெள்ளி, துணி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு இருக்கு.

நானும் மனிசியும் போனபோது இதே கதைதான். விடுதிக்காரர் "குஸீன்யா" என்று உள்ளே கையைக் காட்டினார், போய்ப் பார்த்தால் குசினி, அதுதான் சமையலறை. இருக்கச் சொல்லி "கதைரா" என்றார், கதிரை, உங்கட நாற்காலி. சாப்பாட்டுக் கடையில் பாண், அதுதான் ரொட்டி, கொண்டுவந்து வைத்தார்கள், பாணுக்கு அங்கே 'பாவ்ங்' என்று மூக்காலே ஒரு இழுவை. கேட்காமல் வைத்ததுதானே, சும்மா என்று நினைத்துச் சாப்பிட்டோம். பில்லில் காசு போட்டிருந்தது. பாண், ஒலிவ் காய், வெண்ணெய் எல்லாம் தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கோ. கோவா, அதுதான் முட்டைக்கோஸ் வகை இலை, போட்ட பச்சைச் சூப் நல்லாயிருக்கும். மரக்கறிக்காரர் கவனம், அதற்குள் ஒரு துண்டு சொசேஜ் கிடக்கும்.

மதுரையிலிருந்து:

ஒரு சின்னச் சேர்க்கை. சொற்கள் அங்கிருந்து இங்கே வந்தது மட்டுமில்லை, தமிழும் அந்த ஊருக்குப் போயிருக்கிறது. 1554-இல் தமிழ் வாசகங்களை ரோமன் எழுத்தில் போட்டு ஒரு கிறித்தவ மறைக்கல்விப் புத்தகம் அச்சானது லிஸ்பனில்தான். கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சடித்தது அதற்கு அப்புறம், 1578-இல்.

பெங்களூரிலிருந்து:

எல்லாம் சரி, சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? முட்டி வலிக்காரரைக் கூட்டிக்கொண்டு நான்கு மாடி, மறுபடி அங்கேயே தங்குவீர்களா?

முதலில் எழுதியவர்:

சாப்பாட்டுக்கு மார்த்திம் மொனீஷ் பக்கம் போனோம். மெட்ரோவில் ரோசியுவுக்கு ஒரு நிறுத்தம் முன்னால். இந்திய, வங்காளதேசக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்பும் சோறும் கிடைத்தது. தங்குவேனா என்றால், நான் தங்குவேன். அம்மாவோடு என்றால் லிஃப்ட் உள்ள இடம்தான்.

சூரிச் அண்ணா, உங்கள் மறுமொழியை நேற்றிரவு போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்ப அந்த ஷூ எனக்கு வச்சதாடா?"

"அப்படித்தான் போலம்மா."

"நான் எடுத்து அந்தத் தும்முற ஆள் வாசல்ல வச்சேனே. சாயந்தரம் பாத்தா அந்தக்கா அதே ஷூவக் கையில வச்சுக்கிட்டு அவன்கிட்ட என்னமோ கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அவன் முழிச்சான். நான் காலை நொண்டிக்கிட்டே ரெண்டு பேரையும் பாத்துச் சிரிச்சுட்டு உள்ள போயிட்டேன்."