இங்கிலாந்தில் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற பள்ளியின் (பெயரில்தான் ஹாஸ்பிடல்!) நீலக் கோட்டுப் பிள்ளைகளை நேரில் பார்த்த அனுபவம் உண்டா?

சசெக்ஸ்_ரவி:
சசெக்ஸில் ஹார்ஷம் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பள்ளியின் பெயரிலேயே இருக்கிற ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். கணுக்கால் வரை நீலக் கோட்டு, மஞ்சள் காலுறை, கழுத்தில் வெள்ளைப் பட்டையோடு ஒரு பையன் ஓடி வந்தான். ஓடும்போதே கோட்டின் கீழ்ப்பகுதியை வாரி எடுத்து பெல்ட்டில் செருகினான் பாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டுகிற அதே லாவகம்! பதினாறாம் நூற்றாண்டின் டியூடர் மன்னர்கள் காலத்து உடை அவனுக்கு அவ்வளவு பழகியிருக்கிறது.

தேன்மொழி_கே:
நான் பார்த்தது மதிய அணிவகுப்பு. பேண்ட் வாசிக்க, ஒவ்வொரு ஹவுஸாக (விடுதிப் பிரிவாக)ச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பார்கள். வரிசைக் கடைசியில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கால் மாறிவிட்டது. பக்கத்துப் பெண்ணின் ஷூவைப் பார்த்துக்கொண்டே ஒரு குட்டிக் குதி குதித்துச் சரிசெய்தாள். முகத்தில் சலனமே இல்லை. கூடத்துச் சுவரில் வெர்ரியோ என்ற ஓவியர் வரைந்த ஓவியம், 80 அடிக்கும் மேல் நீளம். இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் 1673-இல் மாலுமிகளை உருவாக்க இந்தப் பள்ளிக்குள்ளேயே தொடங்கிய கணிதப் பள்ளியைப் பற்றியது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தக் குதிதான்.

கிராய்டன்_அப்பா:
எல்லாரும் உருகுகிறீர்கள். நான் பார்த்த பையனை ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் கேட்காமலே போட்டோ எடுத்தார்கள். அவன் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். பணக்காரப் பள்ளியின் பகட்டுக்குப் பிள்ளைகள் ஏன் காட்சிப்பொருளாக வேண்டும்?

அன்பரசி_டீச்சர்:
@கிராய்டன்_அப்பா, பகட்டா? 1552-இல் ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், லண்டனின் ஏழை, அநாதைப் பிள்ளைகளுக்காக, நியூகேட் தெருவில் மூடிக் கிடந்த மடத்துக் கட்டடத்தில் ஆரம்பித்த பள்ளி இது. அந்தப் பிள்ளைகளுக்குத் தருமமாகக் கொடுத்த உடைதான் இந்தக் கோட்டு. இங்கே படித்த எழுத்தாளர் சார்லஸ் லேமும் கவிஞர் கோலரிட்ஜும் போட்டதுதான். 1902-இல் ஹார்ஷமுக்கு வந்தார்கள். ஹெர்ட்ஃபோர்ட் ஊரில் இதே பள்ளியின் பெண்கள் பிரிவில் இருந்தவர்கள் 1985-இல் வந்து சேர்ந்தார்கள். இன்றும் கோட்டுக்குக் காசு வாங்குவதில்லை. என் மகன் படித்த வேறொரு பள்ளியில் பிளேசருக்கே பர்ஸ் காலி! உடையை மாற்றலாமா என்று மாணவர்களிடமே கேட்டபோது பெரும்பாலோர் இதுவே இருக்கட்டும் என்றார்கள்.

செப்டம்பரில் செயின்ட் மேத்யூ தினத்தன்று லண்டன் தெருவில் இவர்கள் அணிவகுத்துப் போனதைப் பார்த்தேன். டாக்ஸிக்காரர் ஒருவர் எஞ்சினை அணைத்துவிட்டு வெளியே இறங்கி நின்றார்.

அப்புறம், பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்களுக்கு: கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. வருமானத்தோடு சொத்து, சேமிப்பையும் பார்ப்பார்கள், எனவே காகிதங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஒரு வருடம் முன்பே விசாரியுங்கள். ஓபன் டேக்குப் பிள்ளையையும் கூட்டிப் போங்கள். விடுதி வாழ்க்கை, அதனால் வீட்டை விட்டு இருக்க முடியுமா என்று அவர்களையே கேளுங்கள். உடனே பதில் வராவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள்.

கிராய்டன்_அப்பா:
சரி டீச்சர், பகட்டு என்ற வார்த்தையை விட்டுவிடுகிறேன். போட்டோ விஷயத்தில் விடமாட்டேன். அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது.