1942 ரங்கூன் கடிதம்: முத்திரை படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்த உறை. காரைக்குடியிலிருந்து ரங்கூன் மொகல் தெருவுக்கு, ஆறாம் ஜார்ஜ் மன்னர் படமுள்ள தபால்தலை ஒட்டி, 1942 பிப்ரவரி 9 முத்திரையுடன் போயிருக்கிறது. மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டதே!

இடது ஓரத்தைத் தணிக்கைக்காரர்கள் பிரித்து, பட்டைக் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். முன்னால் ஊதா மையில் ‘சர்வீஸ் சஸ்பெண்டட்’ (சேவை நிறுத்தம்). பின்னால் மெட்ராஸ் டி.எல்.ஓ. (டெட் லெட்டர் ஆபீஸ், சேர்க்க முடியாத கடிதங்கள் போகும் அலுவலகம்) முத்திரை, 1943. ரங்கூன் முத்திரையே இல்லை. கடல் தாண்டியிருக்காது என்பது என் ஊகம்.

குழப்புவது இடையிலுள்ள மங்கிய வட்ட முத்திரைதான். ‘சி.ஏ.எல்.’ மட்டும் தெரிகிறது. கள்ளிக்கோட்டைக்கு (காலிகட்) போக நியாயமில்லை, கல்கத்தாவாகத்தான் இருக்கணும். அப்போது பர்மா தபால் கல்கத்தா வழியாகவா போனது, மெட்ராஸிலிருந்து நேராகக் கப்பலிலா? ஓராண்டு எங்கே கிடந்திருக்கும்? படங்கள் கீழே. தபால்தலை சேகரிப்பவர்கள், தபால் துறையில் இருந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்களேன்.