டிடிஎஸ் கடிதத்தில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், முழுவதும் கட்ட வேண்டுமா?

பனியன்_அக்கவுண்ட்ஸ்:
திருப்பூரில் சின்ன எக்ஸ்போர்ட் யூனிட். சம்பளப் பட்டியல் நான்தான் பார்க்கிறேன். 2024-25 நான்காம் காலாண்டு 24கியூ (சம்பளத்தில் பிடித்த வரிக்கான, அதாவது டிடிஎஸ் ரிட்டர்ன்) தாக்கல் செய்ததற்கு, வருமான வரித் துறையிலிருந்து 200ஏ இன்டிமேஷன் (ரிட்டர்னைச் சரிபார்த்து அனுப்பும் கடிதம்) வந்திருக்கிறது. ஷார்ட் டிடக்‌ஷன் (வரி குறைவாகப் பிடித்தது), வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ஜனவரி மாதம் பிடித்த 48,000 ரூபாயை பிப்ரவரி 10-ம் தேதி கட்டினோம். ரிட்டர்ன் ஜூன் 12-ல் போனது. இதற்கா இவ்வளவு? முதலாளி, "ஸ்டாஃப் சம்பளத்தில் பிரித்துப் பிடித்துவிடு" என்கிறார். ஆடிட்டர் ஊரில் இல்லை.

சலான்281:
ஸ்டாஃப் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். தாமதக் கட்டணமும் வட்டியும் பிடித்தம் செய்தவர் தலையில்தான் விழும்.

கடிதத்தில் இருப்பது மொத்தத் தொகை மட்டும். யாருக்கு, எதற்கு என்பது ஜஸ்டிஃபிகேஷன் ரிப்போர்ட் என்ற விவர அறிக்கையில்தான் தெரியும். ட்ரேசஸில் (வரித் துறையின் டிடிஎஸ் இணையதளம்) லாகின் செய்து கேளுங்கள். ரிட்டர்னின் டோக்கன் எண், ஒரு சலான் விவரம், அதில் உள்ள சிலரின் பான், பிடித்த தொகை எல்லாம் கேட்கும். கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துப் பார்த்தால்: ஜனவரிப் பிடித்தம் பிப்ரவரி 7-க்குள் போயிருக்க வேண்டும். மூன்று நாள் தாமதம்தானே என்று நினைக்க வேண்டாம். வட்டி மாதம் 1.5 சதவீதம், பிடித்த மாதத்திலிருந்து எண்ணுவார்கள், மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம். ஜனவரி, பிப்ரவரி என்று இரண்டு மாதம், 3 சதவீதம், 1,440 ரூபாய். ரிட்டர்ன் மே 31-க்குள் போக வேண்டும். 12 நாள் தாமதம், நாளுக்கு 200 வீதம் 2,400. ஆக 3,840. இது நியாயமாகக் கட்ட வேண்டிய காசு.

மீதி பெரிய தொகை முழுக்க ஒரே ஒரு ஆளின் பேரில் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். பான் பார்த்தீர்களா?

பனியன்_அக்கவுண்ட்ஸ்:
பார்த்தேன் சார். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். வரிக்குட்பட்ட சம்பளம் 9 லட்சம், பிடித்தது 41,600. ரிப்போர்ட்டில் அவர் பான் செல்லாது என்று வருகிறது. கடைசி எழுத்து 'எம்' (M), ரிட்டர்னில் 'என்' (N) என்று போயிருக்கிறது. டைப் செய்து கொடுத்த பார்ட்டிக்கு ஒரு கும்பிடு.

சலான்281:
அதேதான். பான் சரியில்லை என்றால் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும். 1,80,000-லிருந்து 41,600 போக 1,38,400 குறைவு, அதற்கு வட்டி வேறு. இதைக் கட்டவே கட்டாதீர்கள். ட்ரேசஸிலிருந்து கன்சோ ஃபைல் (ஏற்கெனவே போட்ட ரிட்டர்னின் முழு விவரக் கோப்பு) இறக்கி, பான் திருத்தி, கரெக்‌ஷன் ரிட்டர்ன் போடுங்கள். அது பிராசஸ் ஆனதும் இந்தத் தொகை தானாக விழுந்துவிடும். முந்தைய மூன்று காலாண்டுகளிலும் அதே தப்பான பான்தானா என்றும் பாருங்கள்.

3,840-ஐ முதலில் 281 சலானில் (டிடிஎஸ் கட்டும் படிவம்) கட்டி, வட்டி, கட்டணம் என்று தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். மைனர் ஹெட் 400, அதாவது துறை கேட்டுக் கட்டும் தொகை என்பதற்கான குறியீடு. அந்தச் சலானை அதே கரெக்‌ஷனில் சேர்த்துவிட்டால் ஒரே வேலையில் முடியும். கடிதம் வந்து 30 நாள் தாண்டினால் பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் ஏறும். ஆடிட்டர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாதச்_சம்பளக்காரன்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அந்த மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பான் தப்பாக இருந்தால் அவருடைய 26ஏஎஸ்-ல் (அவர் பெயரில் ஏறிய வரியின் பட்டியல்) அந்த 41,600 ஏறியிருக்காது, ஃபார்ம் 16-ம் (ஊழியருக்குத் தரும் டிடிஎஸ் சான்றிதழ்) இறங்காது. நான் இந்தப் பக்கம் மாட்டியவன். பே ஸ்லிப்பில் பிடித்தம் இருந்தது, கணக்கில் இல்லை, வரி கட்டு என்று எனக்குக் கடிதம் வந்தது. பிடித்த அளவுக்கு ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தில் 205-ம் பிரிவு இருக்கிறது. இருந்தாலும் பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் காட்டிப் பதில் எழுத வேண்டியிருந்தது.

பனியன்_அக்கவுண்ட்ஸ்:
முதலாளியிடம் 3,840 என்றதும் சம்பளப் பிடித்தப் பேச்சே எடுக்கவில்லை. மேனேஜர் இன்னும் தன் ரிட்டர்ன் போடவில்லையாம், கரெக்‌ஷன் ஏறும் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டாம், மூன்றாம் காலாண்டிலும் அதே தப்பான 'என்' எழுத்து. அவற்றையும் சேர்த்துத் திருத்துகிறேன்.