ஆடிக்கொண்டே அணியை நடத்தியவருக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

கூழாங்கல், திங்கள் இரவு 9.40

குழுவினருக்கு வணக்கம். சிறுவர்களுக்கான கால்பந்து வரலாற்று வரிசை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழன் காலை அச்சுக்குப் போக வேண்டும். கடைசி இயல் ஜானி ஜைல்ஸ் பற்றியது. டப்ளின்காரர், 1940இல் பிறந்தவர். மான்செஸ்டர் யுனைடெட்டில் தொடங்கி, 1963இல் 33,000 பவுண்டுக்கு லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். அங்கே பன்னிரண்டு ஆண்டுகள். இதுவரை சிக்கலில்லை.

1973இல் அயர்லாந்து அணிக்கு மேனேஜர் ஆகிறார், ஆனால் ஆடுவதை விடவில்லை. 1975இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனுக்குப் போகிறார், அங்கேயும் இதே இரட்டை வேலை. 1977இல் டப்ளின் திரும்பி ஷாம்ராக் ரோவர்ஸ், மறுபடியும் அதே. ஆங்கிலத்தில் பிளேயர்-மேனேஜர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். இந்த இயலில் மட்டும் பதினான்கு இடத்தில் வருகிறது. நான் 'வீரர்-மேலாளர்' என்று போட்டேன். என் மகள் படித்துவிட்டு, "வீரருக்கு மேலாளரா? எல்லா மேலாளரும் அப்படித்தானேம்மா?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

கூடவே ஒரு சின்னக் கேள்வி. மிட்ஃபீல்டருக்கு 'நடுக்கள வீரர்' போதும்தானே?

பனங்காடு, திங்கள் இரவு 10.15

அம்மா கூழாங்கல், இதற்கா தூக்கம் கெடுகிறீர்கள்? ஆடுமேலாளர். வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. காலம் உள்ளே மறைந்து நிற்கும். ஆடிய மேலாளர், ஆடுகின்ற மேலாளர், ஆடும் மேலாளர் என முக்காலத்துக்கும் விரியும். உங்கள் ஆள் மூன்றுமாக இருந்தவர் அல்லவா? ஆங்கிலத்தில் நடுவே ஒரு கோடு போட்டு ஒட்டவேண்டியதை நம் இலக்கணம் ஒட்டுத் தெரியாமல் செய்துவைத்திருக்கிறது.

ஆறாம் பீரியட், செவ்வாய் காலை 6.50

ஐயா மன்னிக்கணும். நான் பி.டி. வாத்தியார். இந்தப் புத்தகம் எங்க பள்ளிக்கூட நூலகத்துக்குத்தான் வரும். 'ஆடுமேலாளர்'னு படிச்சதும் ஏழாம் வகுப்பு மொத்தமும் 'மே'ன்னு கத்தும். ஆடு மேய்க்கிறவருக்குப் பதவி உயர்வு கிடைச்ச மாதிரி இருக்கு.

ஒற்றெழுத்து, செவ்வாய் காலை 8.05

ஆறாம் பீரியட் அண்ணன் அஞ்சத் தேவையில்லை. விலங்காக இருந்தால் ஒற்று இரட்டித்து 'ஆட்டுமேலாளர்' என்றுதான் வரும். ஆட்டுப்பால், ஆட்டுக்கறி, ஆட்டுக்கிடை. யாராவது 'ஆடுபால்' என்கிறோமா? இரட்டிக்காமல் நிற்பதே அது விலங்கில்லை, வினை என்பதற்குச் சான்று. பனங்காடு ஐயா சொன்ன சொல்லில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை.

ஆறாம் பீரியட், செவ்வாய் காலை 8.20

தம்பி, சான்று சரி. ஆனா அவங்களுக்கு அந்தப் பாடம் இனிமேதான் வரும். அதுவரைக்கும் 'மே'தான்.

கிணற்றடி, செவ்வாய் பகல் 11.30

எங்கட பக்கம் இதில் பாதிப் பிரச்சினை இல்லை. மேனேஜர் எண்டால் முகாமையாளர். கோச் எண்டால் பயிற்றுவிப்பாளர். விளையாட்டு உதைபந்தாட்டம். அப்ப 'விளையாடும் முகாமையாளர்'. நீளமாத்தான் கிடக்கு, ஆனா ஒருத்தருக்கும் ஆடு ஞாபகம் வராது.

மழைக்காடு, செவ்வாய் பகல் 12.10

சிங்கப்பூரில் செய்தித்தாள் படித்து வளர்ந்தவள் நான். எனக்குக் காற்பந்து அணிக்கு இருப்பவர் 'நிர்வாகி'. மேலாளர் என்றதும் வங்கிதான் நினைவுக்கு வருகிறது. இதில் சண்டை எதற்கு? இரண்டும் வேண்டாம், தமிழ்நாட்டுச் செய்திகளில் வருவதுபோல எல்லாரையும் 'பயிற்சியாளர்' என்று சொல்லிவிடலாமே. 'ஆடும் பயிற்சியாளர்'.

கூழாங்கல், செவ்வாய் பகல் 1.00

மழைக்காடு, அதை முதலிலேயே யோசித்தேன். இந்த இயலில் அது இடிக்கிறது. லீட்ஸில் டான் ரெவி மேனேஜர். அவருக்குக் கீழே சிட் ஓவன் கோச், லெஸ் காக்கர் டிரெய்னர். மூன்று பேரும் ஒரே பக்கத்தில் வருகிறார்கள். ரெவியைப் பயிற்சியாளர் என்றால் மற்ற இருவரை என்ன சொல்வது? அந்தக் காலத்து மேனேஜருக்கு யாரை வாங்குவது, யாரை விற்பது, சனிக்கிழமை யார் இறங்குவது, எல்லாமே கைக்குள். ஓட்டப்பயிற்சி கொடுப்பது வேறு ஆட்கள். அதனால் அயர்லாந்தில் ஜைல்ஸ் செய்ததைப் பயிற்சி என்று மட்டும் எழுதினால் பாதி வேலை விட்டுப்போகும்.

இன்னொன்று. ரெவியும் 1961இல் லீட்ஸில் ஆடிக்கொண்டேதான் மேனேஜர் ஆனவர். ஆகவே இந்தச் சொல் அவருக்கும் வேண்டும். பதினான்கு இப்போது பதினாறு.

ஒற்றெழுத்து, செவ்வாய் மாலை 4.45

பயிற்சியாளர் என்ற சொல்லே தவறானது, அதைப் பேசாமல் மேலே போகக் கூடாது. பயிற்சி மருத்துவர் என்றால் யார்? பயிலும் மருத்துவர். பயிற்சியாளர் என்றால்? பயிற்றுபவராம். ஒரே பயிற்சி, ஒரு இடத்தில் மாணவன், இன்னொரு இடத்தில் ஆசிரியன். பயில் தன்வினை, பயிற்று பிறவினை. பயிற்றுநர் என்று எழுதுங்கள். 'நர்', கவனிக்க. 'னர்' அன்று. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர். திரைப்படச் சுவரொட்டிக்காரர்கள் கெடுத்தது போதும்.

பனங்காடு, செவ்வாய் இரவு 7.30

'கோச்' எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. ஹங்கேரியில் கோச் என்றொரு ஊர். அந்த ஊரில் செய்த குதிரை வண்டிக்கு ஊர்ப்பெயரே ஆகி, ஐரோப்பா முழுக்கப் பரவியது. பிறகு ஆங்கிலேய மாணவர்கள், தேர்வுக்குத் தங்களை இழுத்துச் செல்லும் ஆசிரியரைக் கேலியாக 'வண்டி' என்றார்கள். அங்கிருந்துதான் விளையாட்டுக்கு வந்தது. ஆக, வண்டிதான் வேர். வண்டி செலுத்துபவனுக்குச் சங்கத்தமிழ்ச் சொல் என்ன? வலவன். "வலவன் ஏவா வான ஊர்தி" என்று புறநானூறு. ஓட்டுபவன் இல்லாத விமானத்தையே பாடிவிட்டோம், ஆடுகளத்தில் ஓட்டுபவனுக்குச் சொல் இல்லையா? பயிற்றுநர் வேண்டாம். வலவர்.

சாரதி என்றாலும் இதுதான். பாரதத்தில் கண்ணன் யார்? ஆடாத கோச். படை எடேன் என்று சொல்லித் தேரில் ஏறியவன். ஆனால் வீடுமர்மேல் (பீஷ்மர்தான்) சக்கரம் எடுத்துக்கொண்டு ஓடினானே, அந்த ஒரு கணம் அவன் உங்கள் பிளேயர்-மேனேஜர்.

கிணற்றடி, செவ்வாய் இரவு 8.10

ஐயா, எங்கட ஊரில் பஸ் ஓட்டுறவர் சாரதி. அணிக்குச் சாரதி எண்டால் வீரர்களை மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிடுறவர்.

ஆறாம் பீரியட், செவ்வாய் இரவு 8.25

அண்ணே, இங்க மட்டும் என்ன? ஒற்றெழுத்து தம்பி சொன்ன 'நடத்துநர்' கண்டக்டர். ஐயா சொன்ன வலவர் டிரைவர். கோச்சுன்னாலே பஸ்ஸு. நாம பேசறது ஃபுட்பாலா, டவுன் பஸ்ஸா?

கூழாங்கல், செவ்வாய் இரவு 10.50

வலவர் அழகாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் ஜைல்ஸுக்கு வைத்தால் ஒரு விபரீதம். மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் வலப்பக்க விளிம்பில் ஆடியவர். 1963 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லெஸ்டரை 3-1 என்று வென்றபோதும் அங்கேதான் நின்றார். 'வலவர் ஜைல்ஸ்' என்றால் பையன்கள் வலப்பக்க ஆட்டக்காரர் என்று படிப்பார்கள். அவர் நடுவுக்கு வந்தது பின்னால். 1965இல் டூரினில் நடந்த ஆட்டத்தில் பாபி காலின்ஸின் தொடை எலும்பு முறிந்தது. லீட்ஸின் மூளை என்று சொல்லத்தக்கவர் காலின்ஸ். அந்த இடத்துக்கு ஜைல்ஸ் நகர்ந்தார். அப்புறம் பில்லி பிரெம்னரும் இவரும் நடுவில் நின்ற அந்த ஜோடி. இடக்கால், வலக்கால் என்ற பேதமே இல்லாமல் பந்தை நாற்பது கெஜம் அனுப்புவாராம்.

நடுக்களம் பற்றிக் கேட்டேனே, யாரும் பதில் சொல்லவில்லை.

ஒற்றெழுத்து, புதன் காலை 7.15

நடுக்களம் சரி. 'வீரர்'தான் உறுத்தல். பந்து உதைப்பதில் என்ன வீரம்? பழைய படைவகுப்பில் முன்னே செல்வது தூசி, பின்னே வருவது கூழை. முன்கள வீரருக்குத் தூசியர், பின்களத்துக்குக் கூழையர் என்று...

ஆறாம் பீரியட், புதன் காலை 7.18

தம்பி, எங்க ஃபார்வர்டுப் பயலைத் 'தூசி'ன்னு கூப்பிட்டா அவன் அப்பா நேரே ஹெச்.எம். ரூமுக்கு வந்துடுவாரு.

எங்க ஊர்ல இதுக்கு ஏற்கனவே பேச்சு உண்டு. ஹாஃப், பேக், ஃபார்வர்டு, கோலி. கோச்சுன்னா கோச்சு. சிலம்பத்துக்கும் குத்துச்சண்டைக்கும் வாத்தியார். டோர்னமென்ட்ல பதினோராவது ஆள் வரலைன்னா நானே லுங்கிய மாத்திட்டு இறங்குவேன். "வாத்தியாரே இறங்கிட்டாருடா"ன்னு வெளியே சத்தம் கேட்கும். அதுதான் உங்க பிளேயர்-மேனேஜர். சொல் இல்லாமலே சனத்துக்குப் புரியுது.

பனங்காடு, புதன் காலை 9.00

'வாத்தியார்' உபாத்தியாயர் என்பதன் சிதைவு. வடசொல்.

ஆறாம் பீரியட், புதன் காலை 9.02

ஐயா, நாப்பது வருஷமா அதுலதான் சம்பளம் வாங்கினேன்னு நீங்களே போன மாசம் எழுதினீங்க.

மட்டுறுத்துநர், புதன் காலை 9.30

தனிப்பட்ட குத்தல் வேண்டாம். கேள்விக்கு வருவோம். (என் பெயரில் 'நர்' சரியாக இருக்கிறது என்று ஒற்றெழுத்து தனிமடலில் பாராட்டியதற்கு நன்றி.)

மழைக்காடு, புதன் காலை 10.40

கூழாங்கல் அக்கா, பதினாறு இடத்திலும் ஒரே சொல் கட்டாயமா? முதல் இடத்தில் விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு சுருக்கலாமே. எந்த இடத்தில் இந்தச் சொல் இல்லாமல் முடியவே முடியாது என்று ஒரு பத்தி போடுங்களேன்.

கூழாங்கல், புதன் பகல் 12.20

நல்ல கேள்வி. இதோ, இந்தப் பத்திதான். 1959இல் டேலிமவுண்ட் பார்க்கில் ஸ்வீடனுக்கு எதிராக அயர்லாந்துக்கு ஜைல்ஸின் முதல் ஆட்டம். 18 வயது. கோல் அடித்தார், அயர்லாந்து 3-2 என்று வென்றது. பதினைந்து ஆண்டு கழித்து, 1974 அக்டோபர் 30, அதே மைதானம். எதிரே சோவியத் ஒன்றியம். இப்போது ஜைல்ஸ் மேனேஜர். லியம் பிரேடி என்ற 18 வயதுப் பையனை முதன்முதலாக இறக்குகிறார். இறக்கிவிட்டு வெளியே உட்காரவில்லை, அந்தப் பையனோடு தானும் நடுக்களத்தில் ஆடுகிறார். டான் கிவன்ஸ் மூன்று கோல், 3-0. தேர்ந்தெடுத்தவரும் பந்தை வாங்கிக் கொடுத்தவரும் ஒரே ஆள். இங்கே 'மேலாளர்' மட்டும் போட்டாலும் தவறு, 'வீரர்' மட்டும் போட்டாலும் தவறு.

பனங்காடு, புதன் பகல் 12.45

நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆடுமேலாளர். ஒரே சொல்லில் ஒரே ஆள்.

ஒற்றெழுத்து, புதன் பகல் 1.30

ஐயா, நேற்று உங்கள் பக்கம் நின்றேன். இன்று ஒரு ஐயம். காலம் மறைந்திருப்பதே இதில் குறை. 'ஆடிய மேலாளர்' என்று விரித்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு மேலாளர் ஆனவர் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். அந்தப் பிரேடியே ஓய்வுக்குப் பிறகு செல்டிக் அணியை நடத்தியவர். அவரும் ஆடுமேலாளரா? ஜைல்ஸ் 1979 வரை அயர்லாந்துக்கு ஆடினார், 1980 வரை மேலாளர். அந்தக் கடைசிச் சில மாதங்களுக்கு எந்தச் சொல்? நிகழ்காலம் தெரிந்தே ஆக வேண்டிய இடத்தில் வினைத்தொகை உதவாது.

பனங்காடு, புதன் பகல் 1.50

ஊறுகாய் ஊறி முடிந்த பிறகும் ஊறுகாய்தான்.

கிணற்றடி, புதன் மாலை 3.15

இதுக்கு மறுமொழி சொல்ல என்னால ஏலாது.

கூழாங்கல், புதன் மாலை 5.00

நேரமில்லை. மூன்றை வாக்குக்கு விடுகிறேன்: ஆடுமேலாளர், ஆட்டக்கார மேலாளர், ஆடும் முகாமையாளர். இரவு பத்து மணி வரை.

அதற்குள் ஒரு குட்டி உதவி. "59 கேப்" என்று இருக்கிறது. அந்நாட்டில் தேசிய அணிக்கு ஆடினால் தொப்பி கொடுக்கும் வழக்கம்.

மழைக்காடு, புதன் மாலை 5.20

"அயர்லாந்துக்காக 59 ஆட்டங்கள்". தொப்பியைத் தொடாதீர்கள்.

ஆறாம் பீரியட், புதன் மாலை 5.25

தொட்டா "59 தடவை குல்லா போட்டார்"னு ஆயிடும்.

மட்டுறுத்துநர், புதன் இரவு 10.05

வாக்களித்தோர் 17. ஆட்டக்கார மேலாளர் 10, ஆடுமேலாளர் 4, ஆடும் முகாமையாளர் 2. ஒருவர் 'வாத்தியார்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார், அது செல்லாது.

பனங்காடு, புதன் இரவு 10.30

பெரும்பான்மை வாழ்க. ஆட்டக்காரர் என்றால் சீட்டாடுபவரும் ஆட்டக்காரர்தான், கரகம் ஆடுபவரும் ஆட்டக்காரர்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். என் குறிப்பேட்டில் ஆடுமேலாளர் என்றே ஏறிவிட்டது. அதை இனி அடிக்கப்போவதில்லை.

ஆறாம் பீரியட், அடுத்த மாதம், ஒரு வெள்ளி

புத்தகம் வந்துடுச்சு. பசங்ககிட்ட ஜைல்ஸ் இயலைப் படிக்கக் கொடுத்தேன். 'ஆட்டக்கார மேலாளர்' பத்தி ஒருத்தனும் வாயைத் திறக்கல. "சார், அவரே சரியா ஆடலைன்னா யார் அவரை வெளியே எடுப்பாங்க?"ன்னு மட்டும் ஒருத்தன் கேட்டான். பதில் தெரிஞ்சவங்க எழுதுங்க, திங்கக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

ஒற்றெழுத்து, வெள்ளி இரவு 9.10

அதைப் பிறகு பார்க்கலாம். அட்டையில் 'கால்பந்து' என்று இருக்கிறதே? காலால் உதைக்கும் பந்து, வேற்றுமைத் தொகை. லகரம் றகரமாகத் திரிந்து 'காற்பந்து' என்றல்லவா வர வேண்டும்? மெய்ப்புப் பார்த்தது யார்?