கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த பிறகும் உங்கள் ஊரில் யார் கைகொடுத்தார்கள்? அனுபவம் சொல்லுங்கள்

கோவை, ஒன்றரை வயதுப் பெண்ணின் அம்மா:

சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி வந்தது கோவைக்கு. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் உண்டானேன். செக்கப்புக்கு ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஆனால் பிக்மி எண் என்று ஒன்று இருக்கிறது, அதை வாங்கி வையுங்கள் என்று அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சித்திதான் போனில் கேட்டார்: "நர்சம்மாகிட்ட பதிஞ்சுட்டியாடி?"

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பத்தைப் பதிவு செய்தால் கிடைக்கும் 12 இலக்க எண் அது. தனியாரில் பிரசவம் பார்த்தாலும் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள். 102-க்குப் போன் செய்தும் முன்பதிவு செய்யலாம். நான் நேராக எங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த நகர சுகாதாரச் செவிலியர் ஆதாரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்துப் பதிந்துவிட்டு, எண்ணைத் தாய் சேய் நலப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினார். மை அழியாமல் இருக்க அதன்மேல் செல்லோ டேப்பும் ஒட்டிக் கொடுத்தார். "தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத்தானே போவீங்க? அந்த ஊர் நர்ஸ்கிட்ட இதே நம்பரைக் காட்டுங்க. திரும்பப் புதுசாப் பதியக் கூடாது" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போன வாரமே கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்துவிட்டார். கோவையில் எடுத்த ஹீமோகுளோபின் அளவு முதற்கொண்டு அவருக்குத் தெரிந்திருந்தது. ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி, டாக்டரிடம் காட்டி, இரும்புச்சத்தை டிரிப்ஸில் ஏற்ற வைத்தார். நம் பெண்களில் பாதிப் பேர் பிரசவத்தைப் பார்ப்பது ஓர் ஊரிலும் மருத்துவம் பார்த்தது இன்னோர் ஊரிலும்தான். நடுவில் எதுவும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

தென்காசி மாவட்டம், இரண்டு பிள்ளைகளின் அம்மா:

எனக்குப் போவதற்குத் தாய்வீடே இல்லை. விரும்பிக் கட்டிக்கொண்டதால் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. அந்தச் சமயத்தில் எனக்கு அம்மா மாதிரி இருந்தவர் எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர். மாதாமாதம் சத்துமாவு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "வாங்கிட்டுப் போய் அடுக்கி வைக்காதே, தின்னியா?" என்று கேட்டுத்தான் அனுப்புவார். எனக்கு அந்த மாவின் வாசனையே ஒத்துக்கொள்ளவில்லை என்றதும், லேசாக வறுத்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் கொழுக்கட்டையாகப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் எட்டு மாதமும் அதுதான் என் சாயங்காலப் பலகாரம்.

அரசாங்கம் நடத்தும் சமுதாய வளைகாப்புக்கும் அவர்தான் பெயர் கொடுத்தார். போக எனக்குக் கூச்சமாக இருந்தது. போன பிறகு பார்த்தால், மண்டபம் நிறைய என்னைப் போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு பெண்கள். சந்தனம் பூசி, பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, கலவை சாதம் போட்டு அனுப்பினார்கள். பெற்றவர்கள் வராத எனக்கு நடந்த ஒரே வளைகாப்பு அதுதான். இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும், அதாவது முதன்முதலாக நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரரின் ஆச்சி சீனித்தண்ணீரோடு வந்துவிட்டார். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரச் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் 80 வயது ஆச்சியிடம் அதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் நர்சம்மா அவரை அதட்டவில்லை. "ஆச்சி, உங்க கைராசிதானே பிள்ளைக்கு வேணும்? உங்க கையாலேயே பிள்ளையைத் தூக்கி அம்மா மார்ல போடுங்க. சீம்பால்தான் முதல் சேனை" என்றார். ஆச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை எடுத்துக் கொடுத்தார். குடும்பத்தில் ஒருவர் மனமும் நோகாமல் நல்லதை நடத்திக்காட்டத் தெரிந்த அந்த நர்சம்மாவை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சென்னை, குறைமாதத்தில் பிறந்த பையனின் அப்பா:

இங்கே அப்பாக்கள் எழுதுவது குறைவு என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு 32-ஆவது வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது, எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. மனைவிக்கு ஆபரேஷன், அவருக்குப் பால் ஊறவில்லை. முதலில் சேர்த்திருந்த தனியார் மருத்துவமனையில் பால்பவுடர் டப்பா வாங்கி வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேறு வழி இருக்கிறது என்பது, செலவு தாங்காமல் அரசு மருத்துவமனைக்கு மாற்றிய பிறகுதான் தெரிந்தது.

தாய்ப்பால் வங்கி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? தமிழ்நாட்டில் அரசு சார்பில் முதலாவதாக எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் 2014-இல் தொடங்கினார்கள். இப்போது பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. பால் அதிகமாகச் சுரக்கும் தாய்மார்கள் கொடுப்பதை, அவர்களுக்கு நோய்த்தொற்று எதுவும் இல்லை என்று பரிசோதித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, குளிர்வித்து, உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள். எங்கள் பையனுக்கு முதலில் குழாய் வழியாகவும், கொஞ்சம் தேறியதும் பாலாடையிலும் கொடுத்தார்கள். பாலாடையின் மூக்கை உதட்டோரம் வைத்தால் நாக்கை நீட்டித் துழாவுவான். யார் பெற்ற தாயோ, அவர் கொடுத்த பாலில்தான் என் பிள்ளை தேறினான். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

அங்கே என்னையும் வேலை வாங்கினார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக நிமிர்த்தி வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார் செவிலியர். கங்காரு பராமரிப்பு என்கிறார்கள். தாய்தான் செய்ய வேண்டும் என்றில்லை, அப்பாவும் பாட்டியும்கூடச் செய்யலாம். உடம்புச் சூடு குழந்தைக்கு இறங்கி, மூச்சு சீராகிறது. மனைவி மேல்மாடி வார்டில் படுத்திருந்தபோது அந்த வேலை முழுக்க என்னுடையது. அப்பாக்களே, வராந்தாவில் நின்றுகொண்டிருக்காதீர்கள். உள்ளே போய், நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

திருச்சி, பத்து மாதக் குழந்தையின் அம்மா:

பிள்ளை நன்றாக இருந்தது, நான்தான் நன்றாக இல்லை. காரணமே இல்லாமல் அழுகை, தூக்கம் கிடையாது, குழந்தையைத் தொடவே பயம். "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் செவிலியர் குழந்தையின் எடையைக் குறித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீங்க தூங்கறீங்களா?" என்று கேட்டார். அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன்.

அவர் எழுதிக் கொடுத்த எண் 14416. மனநல ஆலோசனைக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். பேசியவர், இது பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் வருகிற நோய், சரியாகிவிடும் என்று சொல்லி, மாவட்ட மனநலத் திட்ட டாக்டரைப் பார்க்கச் சொன்னார். என் மாமியாரையும் கூடவே அழைத்துப் போனேன். டாக்டர் அவரிடமும் பேசிய பிறகு, ராத்திரியில் ஒரு தடவை குழந்தையை அத்தை எடுத்துக்கொள்வது என்று ஏற்பாடானது. மருந்தும் தூக்கமும் சேர்ந்துதான் என்னை மீட்டன. இப்படி இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றைக்கே பேசுங்கள்.

விழுப்புரம் மாவட்டம், கிராம சுகாதாரச் செவிலியர்:

படிக்கப் படிக்க மனம் நிறைந்துவிட்டது. எங்களிடம் அடிக்கடி கேட்கும் சிலவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

நாள் தள்ளிப்போனது உறுதியானதும் வாருங்கள், 12 வாரம் தாண்ட வேண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதிக்கு நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் எல்லாம் அடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டு தருவோம். முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. கணக்கு உங்கள் பெயரிலேயே, ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் இருந்த பெயர் ஓர் ஆவணத்திலும் பின் மாறிய பெயர் இன்னொன்றிலும் இருந்து பணம் நின்றுபோவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். முதலிலேயே திருத்திவிடுங்கள்.

வலி வந்தால் அழைக்க வேண்டியது 108. அரசு மருத்துவமனையில் பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவிடுவதற்கு 102, இலவசம். தனியாரில் பிரசவமானாலும் எங்களிடம் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அம்மா வீட்டுக்குக் கிளம்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த ஊர்ச் செவிலியரின் எண்ணைத் தேடிப்பிடித்து நாங்களே பேசிவிடுவோம். திரும்பி வரும்போதும் அப்படியே. தடுப்பூசி புதன்கிழமை, காலையிலேயே வந்தால் கூட்டம் குறைவாக இருக்கும். புத்தகத்தை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.